ஏழாம் நிரையில் நான் கொடுத்த குரல்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் உங்களிடம் இதைச் சொல்கிறேன். நம்புகிறவர்களிடம் பாதிவரை சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவர்கள் உடனே தாயத்து, தர்கா, ஓதிய தண்ணீர் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள், அதற்குமேல் ஒரு வார்த்தையும் காதில் வாங்குவதில்லை. எனக்கோ அந்த மாதிரிச் சங்கதிகளில் நம்பிக்கையே கிடையாது. மிளகு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன், ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ளாத வளர்ப்பு. எங்கள் தெருக்கோடிப் புளியமரத்தில் ஜின் இருக்கிறது என்பார்கள், நானும் என் தம்பியும் பந்தயம் கட்டி அந்த மரத்தடியிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறோம், எறும்பு கடித்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பேசித் திரிந்தவன் நான். போதாக்குறைக்கு இது இருட்டில் நடந்ததும் இல்லை. பகல் மூன்று மணி இருக்கும், சுற்றிலும் பதினோரு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்களுக்குச் சேந்தமங்கலம், கொல்லிமலை அடிவாரம். தம்பி சுல்தான் என்னைவிட ஐந்து வயது இளையவன். நிக்காஹ் முடிந்து மூன்றாம் மாதம் ரங்கூனுக்குக் கப்பலேறினான், அங்கே உறவுக்காரர் ஒருவரின் கடையில் வேலை. சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவன் குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. சாதாரணமாகப் பேசும்போது தெரியாது, தூரத்தில் இருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டால் நடுவில் ஒருமுறை உடைந்து, ஒரு நொடி காணாமல் போய், மறுபடி ஒட்டிக்கொண்டு வரும். ஓட்டைக் குழல் என்று அவனைக் கேலி செய்வோம். ஏரிக்கரையில் நூறு பேர் கத்தினாலும் அவன் கத்துவது தனியாகத் தெரியும்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ராசிபுரம் பக்கத்து ஆள் ஒருவர் வீடு தேடி வந்தார், காட்டு வழியாக நடந்தே தப்பி வந்தவர், சுல்தானைத் தெரியும் என்றார். வழியில் ஒரு மரத்தடியில் சுல்தான் காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்தேன், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், தண்ணீர் கேட்டான், என்னிடம் இல்லை, நின்றால் நானும் அங்கேயே விழுந்துவிடுவேன் என்று நடந்துவிட்டேன், பின்னாலிருந்து ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான் என்றார். செத்ததைப் பார்த்தீர்களா என்று எங்களைப் பெற்ற அத்தா கேட்டார். பார்க்கவில்லை என்றார். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார்.

தம்பியின் மனைவி ஹலீமா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். இருபது வயது. ஒருநாளும் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. தபால்காரர் தெருவில் வரும்போது மட்டும் உள்ளே ஆட்டுக்கல் சத்தம் ஒரு மூச்சு நேரம் நிற்கும், அவர் எங்கள் வாசலைக் கடந்ததும் மறுபடி ஓடும். இது மூன்றாவது வருடமும் நடந்தது. அவள் தகப்பனார் வந்து அழுதார், ஆத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஒரு நல்ல மனுஷர் கேட்கிறார், பிள்ளை இன்னும் எத்தனை நாள் இப்படி இருப்பாள் என்றார். ஜமாத்துப் பெரியவர்களும் யோசித்து, வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் குடும்பத்தில் ஒருவர் எழுந்து சுல்தான் மவுத்தாகிவிட்டான், இனி அவன் இல்லை என்று சொல்லட்டும், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கும் என்றார்கள். அத்தா என்னைப் பார்த்தார். மூத்தவன் நீ சொல்லிவிடு, எனக்கு நாக்கு எழாது என்றார்.

அப்போது எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும், வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துப்போன மாதிரி இருந்தது. அந்த வாரம் என் குதிகாலில் முள் ஏறி, சீழ் கட்டி, மூன்று நாள் கழித்து என் மனைவி பார்த்துச் சொன்னபிறகுதான் எனக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில், மலைமேல் மிளகு முற்றியிருக்கும், நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். வழக்கமாக அந்த வேலைக்கு வேறு ஆள் போவார். நான் போனது மிளகுக்காக இல்லை என்று அத்தாவுக்கும் தெரியும்.

அன்றைக்கெல்லாம் மலைக்கு ரோடு ஏது, காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதைதான். பொழுது விடியுமுன் ஏற ஆரம்பித்து, திண்ணனூர் நாட்டில், மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள், நான் தேடிப் போன காப்பித் தோட்டத்துக்குச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. தோட்டத்துக்குச் சொந்தக்காரர் சேலத்தில் இருந்தார், வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். எல்லாம் சடையன் என்கிற மேஸ்திரியின் பொறுப்பு. அறுபது வயதிருக்கும், மலைக்காரர், குள்ளமாகக் கெட்டியாக இருப்பார். சுற்றுவட்டத்தில் சாமையும் கேழ்வரகும் போடுகிற குடியானவர்கள்தான் காப்பி பழுக்கிற இரண்டு மாதமும் வந்து பறித்துக் கொடுப்பார்கள்.

காப்பியைக் குடித்திருக்கிறேனே தவிர அது எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சரிவில் படிப்படியாகச் செடிகள், அதற்கு நிழலாகப் பலா மரங்கள், பலா மரத்தில் நான் வாங்கவேண்டிய மிளகுக்கொடி. மேலே களத்தில் தோல் உரித்த கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று பழத்தை நசுக்கிக் கொட்டையை ஒருபுறமும் சிவப்புத் தோலை மறுபுறமும் துப்பிக்கொண்டிருந்தது. அந்தத் தோல் புளித்து ஒரு வாடை அடிக்கிறது, நம் கடைத்தெருக் காப்பி வாசனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்தேன், லேசாகத் தித்தித்தது. களத்து ஓரத்தில் ஆண்கள் இரண்டு பேர் மடியில் துணிமூட்டையோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மலையிலேயே இன்னொரு பக்கம் இருக்கிற குண்டூர் நாட்டிலிருந்து வந்திருப்பதாக மேஸ்திரி சொன்னார், எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்குத்தான் இந்த வருடத்துப் பறிப்பின் கடைசி நாள் என்று மட்டும் சொன்னார்.

வெல்லம் போட்ட கடுங்காப்பி ஒரு லோட்டா குடித்துவிட்டு மிளகு பார்க்க இறங்கினேன். சரிவில் மொத்தம் பன்னிரண்டு நிரை, களத்துக்கு அடுத்தது முதல் நிரை, அடியில் இருப்பது பன்னிரண்டாவது, அதற்குக் கீழே புதர், அப்புறம் பள்ளம். நிரைக்கு ஒரு ஆள் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு பறித்தார்கள், பச்சையை விட்டுச் சிவப்பை மட்டும் கிள்ளுகிற விரல்கள், அந்த வேகம் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஆறு நிரை தாண்டி ஏழாவதுக்கு வந்தபோது அதில் மட்டும் யாரும் இல்லை. நல்லதாய்ப் போயிற்று, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பார்க்கலாம் என்று அதற்குள் நுழைந்தேன். எட்டாவது நிரையில் ஒரு பெண் நின்றாள், இருபத்தைந்து வயதிருக்கும், அவள் என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது, சொல்லவில்லை. நான் நிரையின் உள்ளே தள்ளிப் போய் ஒரு பலா மரத்தடியில் நின்று, ஒரு மிளகுச் சரத்தைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மஞ்சு இறங்கியது. மலையில் இருக்கிறவர்கள் மூடுபனியை அப்படித்தான் சொல்வார்கள். நம் ஊரில் மார்கழிப் பனி மெல்ல மெல்லக் கவியும், இது அப்படியில்லை, பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்து இரண்டு நிமிஷத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டது. என் கையில் இருந்த மிளகுச் சரம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பழம் கிள்ளுகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

மேலே களத்திலிருந்து மேஸ்திரி நீளமாக ஒரு ஓ போட்டார். முதல் நிரையிலிருந்து பதிலுக்கு ஓர் ஓ வந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஒவ்வொன்றும் கொஞ்சம் கீழே, கொஞ்சம் அருகே. மஞ்சில் யாரும் தடம் மாறிப் பள்ளத்துப் பக்கம் போய்விடக்கூடாது என்று இப்படி ஒரு ஏற்பாடு என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது, புத்திசாலி இல்லையா. ஐந்தாவது வந்தது, ஆறாவது வந்தது. அப்புறம் சத்தமில்லை. ஒரு மூச்சு நேரம் யாரும் கூவவில்லை. ஏழாவது நிரையில் நிற்பது நான், எல்லாரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, குரல் கொடுக்காவிட்டால் என்னைக் காணோம் என்று தேடுவார்களே என்று நினைத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறந்து நானும் ஓ என்றேன்.

பழம் கிள்ளுகிற சத்தம் நின்றுபோனது. எட்டாவது குரல் வரவில்லை.

அதற்குப் பதிலாகப் பள்ளத்திலிருந்து ஒன்று வந்தது. பன்னிரண்டாவது நிரைக்கும் கீழே, ஆள் நிற்கவே இடமில்லாத பக்கத்திலிருந்து. ஓ என்று ஆரம்பித்து, நடுவில் உடைந்து, ஒரு நொடி காணாமல் போய், மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தது.

எதிரொலி என்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். எதிரொலி கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும், கொடுக்காத உடைசலைச் சேர்த்துக் கொடுக்காது. நரி என்பீர்கள், பறவை என்பீர்கள், எல்லாவற்றையும் நானே யோசித்துப் பார்த்துவிட்டேன். ஏரிக்கரையில் பதினைந்து வருடம் கேட்ட குரலைத் தெரியாமல் போகுமா. அது சுல்தான்.

நான் ஓடவில்லை. பதில் கொடுக்கவில்லை. அவன் பெயரைச் சொல்லக்கூட இல்லை. எனக்குப் பயமாகவும் இல்லை, பயம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். மரத்துப்போய் நின்றேன், அவ்வளவுதான். காதில் விழுந்தது உள்ளே இறங்கவில்லை. கையில் இருந்த மிளகுச் சரத்தை ஒவ்வொரு மணியாக உதிர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மஞ்சு விலகியபிறகு காலடியில் பச்சை மணிகள் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மேஸ்திரி எல்லாரையும் களத்துக்கு வரச் சொல்லிக் குரல் கொடுத்தார். ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு ஏறினோம். மேலே போனபோது மஞ்சு கொஞ்சம் கலைந்திருந்தது. பதினோரு பேரும் இடுப்புக் கூடையை அவிழ்க்காமல் நின்றார்கள். குண்டூர் நாட்டு ஆட்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். மேஸ்திரி என்னை ஓரமாக அழைத்துப்போய், கோபப்படாமல், ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

எட்டாவது நிரையில் நின்ற பெண் வெள்ளச்சி, அவருக்கு அக்கா மகள். அவள் புருஷன் சீரங்கன் ஏழாவது நிரையில் பறிக்கிறவன். மூன்று பறிப்புக்கு முன்னால் இதே மாதிரி ஒரு நாள் மஞ்சு இறங்கியபோது ஏழாவது குரல் வரவில்லை. தேடினார்கள், பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள், துணிகூடக் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனைச் செத்தவன் என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் யாருக்கும் வாய் வராது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற முறை இது. மூன்று பறிப்புக்கு அவன் நிரையில் வேறு ஆள் நிற்பதில்லை, அதில் உள்ள பழத்தை மற்றவர்கள் பொழுது சாயச் சேர்ந்து பறித்துவிடுவார்கள். மஞ்சில் கூவும்போது அவன் முறை வந்தால் ஒரு மூச்சு நேரம் விட்டுவிட்டு அடுத்த ஆள் கூவுவார். மூன்றாவது பறிப்பின் கடைசி நாள்வரை அந்த இடைவெளியில் பதில் வராவிட்டால், கீழே இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு நிரை மேலே ஏறி இடத்தை அடைத்துவிடுவார்கள். அப்புறம் அவன் இல்லை. அவன் பெண்சாதி வேறு ஊட்டுக்குப் போகலாம்.

பதில் வந்துவிட்டால் என்று கேட்டேன். மறுபடி முதலிலிருந்து மூன்று பறிப்பு அவள் காத்திருக்க வேண்டும் என்றார்.

குண்டூர் நாட்டுக்காரர்களில் ஒருவர்தான் மாப்பிள்ளையாம், மற்றவர் அவர் அண்ணன். மூட்டையில் இருந்தது புதுப்புடவை. காலையிலிருந்து அங்கே உட்கார்ந்து இந்தக் கடைசி நாள் முடியக் காத்திருந்தார்கள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. வழிப்போக்கனாக வந்தவன் ஒரு ஓ போட்டு ஒரு பெண்ணின் மூன்று வருடத்தைக் கலைத்துவிட்டேன்.

மேஸ்திரி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏனுங்க ராவுத்தரே, ஏழுல கூவுனது நீங்கதானுங்களே?"

"நாந்தாங்க. முறை தெரியாம கூவிட்டேன்."

"அது போகட்டுங்க. அப்பறம் பள்ளத்துல இருந்து ஒன்னு வந்துச்சே. அது யாருங்க?"

ஆக, அது எனக்கு மட்டும் கேட்டதில்லை. உங்களை மாதிரி ஆட்கள் சித்தப்பிரமை என்று சொல்லமுடியாதபடி இந்த ஒன்று இருக்கிறது. பதினோரு பேரும் கேட்டிருக்கிறார்கள். யாரும் அது சீரங்கன் குரல்தான் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் வெள்ளச்சியைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்காமல் கூடைக்குள் கிடந்த பழங்களில் பச்சை ஏதாவது இருக்கிறதா என்று விரலால் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆசையும் இல்லை, பயமும் இல்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

உண்மையைச் சொன்னால் என்ன சொல்வது. அது என் தம்பி, ரங்கூன் காட்டில் கிடந்தவன், உங்கள் தோட்டத்துப் பள்ளத்திலிருந்து கூப்பிட்டான் என்றா. சொன்னால் பதில் வந்தது வந்ததுதான், யார் குரல் என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள். அந்தப் பெண் மறுபடி மூன்று வருடம் நிற்பாள்.

"அதுவும் நாந்தாங்க," என்றேன். "மஞ்சுல வழி தெரியாம கீழ எறங்கிட்டேன். பயந்துபோய் இன்னொரு தடவ கூவுனேன்."

மேஸ்திரி என் காலைப் பார்த்தார். பன்னிரண்டாவது நிரைக்குக் கீழே செம்மண் சேறு, என் கால் துப்புரவாக இருந்தது. அவர் பார்த்தார், நானும் அவர் பார்த்ததைப் பார்த்தேன். "சரிங்க, வெளியூர்க்காரரு, மஞ்சு புதுசு," என்று மட்டும் சொன்னார்.

மஞ்சு முழுக்க விலகியதும் எல்லாரும் இறங்கி அவரவர் நிரையில் நின்றார்கள். எட்டில் நின்ற வெள்ளச்சி ஏழுக்கு ஏறினாள், ஒன்பதில் நின்றவர் எட்டுக்கு வந்தார், அப்படியே கடைசிவரை. மேஸ்திரி களத்திலிருந்து ஓ என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து ஏழாவதாக வெள்ளச்சி குரல் கொடுத்தாள், இடைவெளி இல்லாமல். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. அவ்வளவுதான் சடங்கு. பூசையில்லை, அழுகையில்லை. மிச்சமிருந்த பழத்தைப் பறிக்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் களத்து ஓரத்தில் உட்கார்ந்து மெஷின் தோல் துப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பி கூப்பிட்டதை நான் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இதுவரை நடந்ததை வேறு ஒன்றிரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்வதை உங்களிடம்தான் சொல்கிறேன்.

மேஸ்திரி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பினேன். குண்டூர் நாட்டுக்காரர்களும் வெள்ளச்சியும் அதே தடத்தில் கொஞ்ச தூரம் வந்தார்கள். அவள் புதுப்புடவை கட்டியிருந்தாள், தலையில் ஒரு சிறு மூட்டை. பாதை பிரிகிற இடத்தில் ஆண்கள் முன்னால் போனார்கள், அவள் காலில் ஏதோ குத்திவிட்ட மாதிரி குனிந்து பின்தங்கினாள். நான் அருகே வந்ததும் நிமிராமலேயே கேட்டாள்.

"ஏனுங்க, நேத்து நீங்க எத்தன தடவ கூவுனீங்க?"

"ரெண்டு தடவம்மா. மேஸ்திரிகிட்டதான் சொன்னேனே."

"எனக்கு மூணு கேட்டுதுங்க."

முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணாவது எனக்கு ரொம்பக் கிட்டக்க வந்துச்சுங்க, செடிக்கு அந்தப்பக்கம் நின்னு கூப்புடறாப்ல. எட்டாவதா நான் பதில் கொடுத்திருக்கோணும். வாய் வரைக்கும் வந்துச்சு. நான் கொடுக்கல."

அப்புறம், மாமனிடம் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம் என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்து அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அதற்கப்புறம் அவளை நான் பார்த்ததில்லை. வேறு வேலையாக மலையிலிருந்து இறங்கி வந்த மேஸ்திரியிடம் ஒருமுறை சாடையாகக் கேட்டேன், அன்றைக்கு எத்தனை குரல் கேட்டது என்று. ரெண்டுதானுங்களே, ரெண்டும் நீங்கதானுங்களே என்றார். குண்டூர் நாட்டில் அவள் நன்றாக இருப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது ஹலீமா அரிசி ஆட்டிக்கொண்டிருந்தாள். மலையில் குளிரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடம் சொல்வதற்கு அந்த ஒரு நிமிஷம்தான் இருந்தது, நான் முகம் கழுவப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று, என் தம்பி சுல்தான் மவுத்தாகிவிட்டான் என்றேன். எல்லாரும் இன்னா லில்லாஹி ஓதினார்கள். நாக்குத் தடுமாறவில்லை, மிளகு விலை சொல்கிற மாதிரி தெளிவாகச் சொன்னேன் என்று அத்தா பிற்பாடு சொன்னார், அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காத்திருக்கவேண்டிய இத்தா மாதங்கள் முடிந்து ஹலீமாவுக்கு ஆத்தூரில் நிக்காஹ் ஆனது. நல்ல மனுஷர், அவளைக் கண்போலப் பார்த்துக்கொள்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் எங்கள் வீட்டுக்கு வருவாள், சிரித்துப் பேசுவாள். நான் செய்தது தப்பென்று அவளைப் பார்க்கும்போது தோன்றுவதில்லை. அவள் போனபிறகு தோன்றும்.

ஒரு கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரை தீரவில்லை. எனக்குக் கேட்டது இரண்டு, ஒன்று நான், ஒன்று சுல்தான். அவளுக்குக் கேட்டது மூன்று. மூன்றாவது சீரங்கனாகவே இருக்கட்டும், அவனைக் கேட்க அவள் இருந்தாள், கேட்டாள், பதில் கொடுக்காமல் நின்றாள். ஆனால் அப்படி இல்லாமல் இருந்தால்? பள்ளத்திலிருந்து வந்தது சீரங்கனுடையதாக இருந்து, ரொம்பக் கிட்டே, செடிக்கு அந்தப்பக்கம் வந்து நின்று கூப்பிட்டது என் தம்பியாக இருந்தால்? ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரிசைச் செடிதான். அவளுக்குக் கிட்டே என்றால் எனக்கும் கிட்டேதான். எனக்கு அது கேட்கவே இல்லை. மூன்றாவது குரல் நடுவில் உடைந்ததா என்று அவளிடம் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பாதை பிரிகிற இடத்தில் அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், கேட்கவில்லை.

எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியொன்றும் இல்லை. யாராவது வெளியிலிருந்து கூப்பிட்டால் முதல் குரலுக்கு நான் திரும்புவதில்லை, இரண்டாவதுக்கும் திரும்புவதில்லை. மூன்றாவது ஒன்று வருகிறதா என்று நின்று கேட்பேன். வந்தவர்கள் அதற்குள் அலுத்துப்போய் உள்ளேயே வந்துவிடுவார்கள், என் தோளைத் தொடுவார்கள். நீங்கள் இதை நம்பவேண்டாம், சிரித்துவிட்டுப் போங்கள், நம்பாத ஆளாகப் பார்த்துத்தானே சொன்னேன். நீங்கள் நம்பாவிட்டால் அன்றைக்கு அங்கே யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நான் யாருக்கும் பதில் சொல்லாமல் விடவும் இல்லை.